மோட்டார்ஹோம்: கொங்குச் சாலைகளில் ஓட்டவும் பராமரிக்கவும் ஒரு முழு வழிகாட்டி

நம் பக்கம் மோட்டார்ஹோம், அதாவது படுக்கை, சமையலறை, கழிப்பறையோடு ஓடும் வீடு, வைத்திருப்பவர்களில் நான் பார்த்தவரை பெரும்பாலானவர்கள் அதை ஷோரூமில் வாங்கவில்லை. ஒரு டெம்போ டிராவலரையோ சின்ன பஸ் சேசிஸையோ (எஞ்சினும் சக்கரமும் உள்ள அடிச்சட்டம்) எடுத்து, ஏதாவதொரு பட்டறையில் விட்டுப் பாடி கட்டியவர்கள்தான். அதற்கு இதைவிடத் தோதான ஊர் கிடையாது. பஸ் பாடிக்குக் கரூர், லாரி பாடிக்கு நாமக்கல், போர்வெல் வண்டிக்குத் திருச்செங்கோடு, எந்த மோட்டாருக்கும் பம்புக்கும் கோவை. வெல்டிங், பெயிண்ட், ஒயரிங் எதற்கும் ஆள் பஞ்சமில்லை.

சிக்கல் வண்டி கையில் வந்த பிறகுதான் தொடங்குகிறது. சோபாவுக்கு எந்த நிறத் துணி என்று வீட்டில் ஒரு வாரம் பேசுவார்கள். பின் ஆக்சில் (பின் சக்கரங்களை இணைக்கும் அச்சு) எத்தனை கிலோ தாங்கும் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். மோட்டார்ஹோம் முதலில் ஒரு லாரி, அப்புறம்தான் வீடு. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது. எடை, டயர், பிரேக் முதலில். கரண்ட், கேஸ், தண்ணீர் பிறகு.

முதல் வேலை: எடை மேடை

சங்ககிரியிலிருந்து பொள்ளாச்சி வரை எந்த மெயின் ரோட்டில் போனாலும் ஓர் எடை மேடை கண்ணில் படும். மோட்டார்ஹோம் வைத்திருப்பவர் செய்யவேண்டிய மிக மலிவான, மிக முக்கியமான வேலை அங்கேதான் இருக்கிறது.

1. வெளியூர் கிளம்பும்போது எப்படி இருக்குமோ அப்படியே வண்டியை ஏற்றுங்கள். டீசல் ஃபுல், தண்ணீர் டேங்க் ஃபுல், சிலிண்டர், துணிமணி, பாத்திரம், ஆட்கள் எல்லாம் உள்ளே.
2. முன் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு எடை எடுங்கள்.
3. முழு வண்டியையும் ஏற்றி ஒரு எடை.
4. முன் சக்கரம் இறங்கிய பிறகு, பின் சக்கரம் மட்டும் மேடையில் இருக்கும்போது இன்னொன்று.
5. மேடைக்காரர் சம்மதித்தால், இடப்பக்கச் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தி ஒரு எடை.

மொத்த எடையை ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த வாகன எடையோடு ஒப்பிடுங்கள். ஆக்சில் எடையை கம்பெனித் தகட்டில் போட்டிருக்கும் அளவோடு பாருங்கள். மொத்த எடை சரியாக இருந்து, பின் ஆக்சில் மட்டும் தாண்டியிருப்பது சகஜம். கழிப்பறை, தண்ணீர் டேங்க், பேட்டரி, ஜெனரேட்டர் எல்லாவற்றையும் பின்னால் கொண்டுபோய் வைத்தால் வேறென்ன ஆகும்? ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 150 லிட்டர் டேங்க் பின் சக்கரத்துக்கும் பின்னால் தொங்கினால், முன் சக்கரத்தின் பாரம் கொஞ்சம் குறையும். மழை ரோட்டில் ஸ்டியரிங் லேசாகத் தெரிவது அதனால்தான். டேங்கை இரண்டு ஆக்சிலுக்கும் நடுவில் மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால், போகிற இடத்தில் தண்ணீர் கிடைக்கும் என்றால் பாதி டேங்கோடு கிளம்புங்கள்.

இடம் வலம் எடை மிகவும் வித்தியாசப்பட்டால், சமையல் மேடையும் அலமாரியும் ஒரே பக்கம் இருக்கிறது என்று பொருள். கனமான சாமானை எதிர்ப்பக்கம் கீழே வையுங்கள். மேல் அலமாரியில் போர்வை, ரொட்டி, நொறுக்குத்தீனி மட்டும் போதும். அரிசி மூட்டையும் குக்கரும் தரை மட்டத்தில்தான் இருக்க வேண்டும்.

டயர்

லாரிப் பட்டறையில் காலை நேரம் நின்று பாருங்கள். டீ வருவதற்குள் கிளீனர் ஒரு இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வருவார். ஒவ்வொரு டயரையும் ஒரு தட்டு. 'டங்' என்று கம்பி எகிறினால் காற்று இருக்கிறது. 'தொப்' என்று அமுங்கினால் அங்கேயே உட்கார்ந்துவிடுவார். பின்னால் இரட்டை டயர் உள்ள வண்டிகளில் உள் டயர் இறங்கியது வெளியே தெரியாது. வெளி டயர் தாங்கிக்கொண்டு நிற்கும். அது கொஞ்ச தூரம் இரட்டைப் பாரத்தைச் சுமந்து, சூடாகி, பிறகு இரண்டும் சேர்ந்து போகும். ஆகவே கம்பித் தட்டு ஒரு பழைய பழக்கம்தானே என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு டயருக்கும் நடுவில் ஜல்லி மாட்டியிருக்கிறதா என்பதையும் அதே சுற்றில் பார்த்துவிடலாம்.

தட்டுவது அன்றாடத்துக்கு. வாரம் ஒரு முறையும் நெடுந்தூரம் கிளம்பும் முன்பும் மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும், அதுவும் வண்டி ஓடாமல் டயர் ஆறியிருக்கும்போது. ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்குவது ஆபத்து.

மோட்டார்ஹோம் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகித்தான் சாகிறது. வருடத்தில் பாதி நாள் வெயிலில் நின்றபடியே இருக்கும். பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் மேடு) பார்க்கப் புதிதுபோல இருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் நூல் நூலாக வெடிப்பு. டயரின் பக்கவாட்டில் கடைசியாக நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. ஐந்து வருடம் தாண்டிய டயரை வருடத்துக்கு ஒரு முறை கழற்றி உள்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். ஆறேழு வருடம் ஆனால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடுவது நல்லது. ஸ்டெப்னியின் வயதையும் பாருங்கள். அதை யாரும் பார்ப்பதில்லை. நம் ஊரில் ரீட்ரேடிங், அதாவது தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டுவது, நன்றாகச் செய்வார்கள். லாரிக்காரர்கள் பின்னால் போட்டு ஓட்டுகிறார்கள். முன் சக்கரத்துக்கு மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

சக்கரம் கழற்றி மாட்டினால் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை இன்னொரு முறை இறுக்குங்கள்.

பிரேக்கும் மலை இறக்கமும்

கொங்கில் மோட்டார்ஹோம் வாங்கியவர் எவரும் சமவெளியிலேயே சுற்றப் போவதில்லை. ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27, ஏற்காட்டுக்கு 20, காரவள்ளி வழியாகக் கொல்லிமலைக்கு 70. எந்தத் திசையில் போனாலும் சுற்றிலும் மலை. எனவே இந்தப் பகுதியை மட்டும் அவசரமில்லாமல் படியுங்கள்.

ஏறுவதில் எஞ்சின் சிரமப்படும், இறங்குவதில் பிரேக் சிரமப்படும். எஞ்சின் சிரமப்பட்டால் சூட்டு மீட்டர் காட்டிவிடும். பிரேக் அப்படிக் காட்டாது. இறக்கம் முழுக்க மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் லைனரும் அது உரசும் இரும்பு டிரம்மும் கொதித்து, ஒரு கட்டத்தில் மிதித்தும் பிடிக்காது. இது ஒரு வகை. இன்னொரு வகை பிரேக் ஆயிலால் வருவது. அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ரக ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியே அதன் வரம்பு. டாட் 4-க்கு இது 230-உம் 155-உம். கொதித்து ஆவியானால் பெடல் தரை வரை போகும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயில் மாற்றச் சொல்வது இதற்காகத்தான். ஓடிய கிலோமீட்டர் குறைவு என்று தள்ளிப்போடாதீர்கள், ஈரத்துக்குக் கிலோமீட்டர் கணக்குத் தெரியாது.

திம்பம் ரோட்டில் வருடக்கணக்காக ஓட்டுகிற லாரி டிரைவர்கள் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான்: "கண்ணு, ஏறுன கியர்லயே எறங்கோணும். பிரேக்கு நிக்கறதுக்கு, எறங்கறதுக்கு இல்ல."

அதையே வரிசையாகச் சொன்னால்:

1. இறக்கம் தொடங்கும் முன்பே சமதளத்தில் இரண்டாவதோ மூன்றாவதோ போட்டுவிடுங்கள். வேகம் பிடித்த பிறகு கியர் இறக்கப் போனால் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு.
2. வேகத்தை எஞ்சின் பிடித்துக்கொள்ளட்டும். எஞ்சின் சத்தம் கூடுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டேக்கோமீட்டர் (எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் மீட்டர்) சிவப்புக்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். எக்ஸாஸ்ட் பிரேக் (புகையை மறித்து எஞ்சினை வைத்தே வேகத்தைப் பிடிப்பது) உள்ள சேசிஸ் என்றால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.
3. வேகம் கூடினால் அழுத்தமாக ஒரு மிதி, வேகத்தைக் குறைத்து உடனே விடுங்கள். காலை லேசாக வைத்துக்கொண்டே வருவதுதான் கெடுதல்; டிரம் ஆறவே ஆறாது.
4. கொண்டை ஊசிக்கு முன்பே வேகத்தைக் குறைத்து முடித்துவிடுங்கள். வளைவுக்குள் மிதித்தால் உயரமான பாடி வெளிப்பக்கம் சாயும்.
5. தீய்ந்த வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்துங்கள். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, அரை மணி நேரம் ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. கொதிக்கிற டிரம் விரிசல் விட்டுவிடும்.

டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. எஞ்சினை அணைத்தால் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் இல்லை, பவர் ஸ்டியரிங்கும் கட்டையாகிவிடும்.

குறுகலான மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை, இறங்குகிறவர்தான் ஒதுங்கி நிற்க வேண்டும். சட்டமே அதுதான். நடைமுறையில் எதிரே அரசு பஸ் வந்தால் ஏறினாலும் இறங்கினாலும் நீங்களே ஒதுங்குவது நிம்மதி. அவர் அந்த வளைவுகளில் தினமும் போய்வருகிறவர், எங்கே எவ்வளவு இடம் என்று அவருக்குத் தெரியும். கொல்லிமலைக்குப் பெரிய பாடி வண்டியென்றால் காரவள்ளி வழியை விட்டு முள்ளுக்குறிச்சி வழியாகப் போங்கள். நீலகிரியில் கல்லட்டி இறக்கம் பக்கமே வேண்டாம். அவ்வளவு செங்குத்தான இறக்கத்தில் கனமான வண்டிக்கு வேலையே இல்லை. கோடை சீசனில் ஊட்டிக்கு ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதை ஆக்குவார்கள்; கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பண்ணாரிக்கும் காராப்பள்ளத்துக்கும் இடையில் இரவில் போக்குவரத்துத் தடை இருக்கிறது. மாலை நான்கு மணிக்கு மேல் அந்த மலையை ஆரம்பிக்காமல் இருப்பது உத்தமம். அது சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். ஆசனூர் பக்கம் யானைகள் கரும்பு லாரியை மறித்துக் கரும்பு எடுப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. உங்கள் வண்டிக்குள் பலாப்பழமோ வாழைத்தாரோ இருந்தால் யானைக்கு வாசம் பிடிக்க நேரம் ஆகாது. வழியில் நிறுத்தி டீ போடுவது, போட்டோ எடுப்பது எதுவும் வேண்டாம்.

காற்று

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மோட்டார்ஹோம் அம்மியைவிட லேசாகத்தான் நடந்துகொள்ளும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் அடித்துக்கொண்டு போகிறது. அத்தனை காற்றாலைகளும் அங்கே நிற்பது சும்மா இல்லை.

மேற்கு கிழக்காகப் போகும் சாலையில் காற்று முதுகில்தான் அடிக்கும், அல்லது முகத்தில். தெற்கு வடக்காகப் போகும் சாலையில்தான் விலாவில் அடிக்கும். உடுமலை பல்லடம் ரோடு, தாராபுரம் திருப்பூர் ரோடு எல்லாம் அந்த ரகம். வேகத்தை 60-க்கு மேல் கொண்டுபோகாதீர்கள். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும். தென்னந்தோப்பு மறைவில் போய்க்கொண்டிருக்கும்போது காற்று தெரியாது. தோப்பு முடிந்து வெட்டவெளி வரும் இடத்தில்தான் ஒரே தள்ளாகத் தள்ளும். பாலங்களும் அப்படித்தான். பெரிய லாரியை முந்தும்போது அதன் பக்கத்தில் காற்று மறைந்து, தாண்டியதும் திடீரென்று மோதும். அந்த நொடிக்குத் தயாராக இருங்கள்.

ஆடி பிறக்கும் முன் கூரைமேல் ஏறி, சோலார் பலகை, ஏசி, கேரியர் இவற்றின் நட்டுகளை ஒரு சுற்று இறுக்கிவிடுங்கள். பக்கத்தில் விரிக்கும் கூடாரத் துணியை இந்த மாதங்களில் திறந்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

உயரம், நீளம்

வண்டியின் உயரத்தை, கூரையில் உள்ள ஏசியோடு சேர்த்து அளந்து, ஒரு அங்குலம் கூட்டி, ஓட்டுநர் கண்ணெதிரே பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள். ரயில் பாலத்தின் கீழே நுழையும் முன் நின்று மனைவியிடம் "எத்தனை அடி இருக்கும்?" என்று கேட்கிற நிலை வரக் கூடாது. கோவையில் லங்கா கார்னர், கிக்கானி பள்ளிப் பாலம், ஈரோட்டில் உள்ள ரயில் பாலங்கள் எல்லாம் கீழே போகும்போது உயரக் கட்டுப்பாடு பார்த்துப் போகவேண்டியவை. கோவையிலுள்ள இரண்டும் மழை பெய்தால் குளமாகிவிடும் வேறு. கைபேசி வரைபடம் குறுக்கு வழி காட்டும். உங்கள் வண்டியின் உயரம் அதற்குத் தெரியாது.

ஊருக்குள் கோயில் நோம்பி (திருவிழா) சாட்டியிருந்தால் சீரியல் லைட், ஒயர், ஆர்ச் எல்லாம் தாழ்வாகக் கட்டியிருப்பார்கள். ஒருவர் இறங்கி முன்னால் நடந்து பார்த்துச் சொல்லட்டும். பழைய புளியமரச் சாலையில் ஓரமாக ஒதுங்கும்போது கண் ரோட்டில் மட்டுமல்ல, கிளையிலும் இருக்க வேண்டும்.

பின் சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருக்கும் பகுதி, நீங்கள் இடது திரும்பும்போது வலப்பக்கம் வீசும். பைக் ஓட்டுகிறவர் அங்கேதான் நிற்பார். காலி மைதானத்தில் தண்ணீர் பாட்டில்களை நிறுத்திவைத்து எவ்வளவு வீசுகிறது என்று ஒரு நாள் பார்த்துவிட்டால் போதும், அப்புறம் மறக்காது.

கரண்ட்

வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கிற உயரமான டியூபுலர் பேட்டரியைத் தூக்கி வண்டியில் வைக்கிறார்கள். அது ஒரே இடத்தில் நிற்பதற்குச் செய்தது. குலுக்கலில் தகடு உதிரும், ஆசிட் தெறிக்கும், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். வண்டிக்கு மூடிய ஏ.ஜி.எம். பேட்டரியோ, லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியோதான் சரி.

கணக்கு எளிது. 12 வோல்ட், 100 ஆம்பியர் ஹவர் என்றால் 1,200 வாட் ஹவர். லெட் ஆசிட் வகையில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும்; ஆக உங்கள் கைக்கு வருவது 600. குறைந்த கரண்டில் ஓடும் 28 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் எட்டு மணி நேரத்துக்கு 224. லைட்டும் போன் சார்ஜும் சேர்த்து நூறு. மீதியில் சின்ன ஃப்ரிட்ஜ் இழுத்துப் பிடித்து ஓடும். ஒரு டன் ஏசி மணிக்கு ஆயிரம் வாட் ஹவர் பக்கம் கேட்கும் என்பதால் அது இந்தக் கணக்கிலேயே வராது. பேட்டரியில் ஏசி ஓடும் என்று யாராவது சொன்னால் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள்.

ஓய்வில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரி 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. பத்து ரூபாய் மருந்து மாதிரி ஒரு சின்ன வோல்ட் மீட்டரைச் சுவரில் பதித்துவிட்டால் பாதிக் கவலை குறையும்.

ஒயரில் கஞ்சம் வேண்டாம். ஆயிரம் வாட் இன்வெர்ட்டர் 12 வோல்ட்டில் நூறு ஆம்பியர் வரை இழுக்கும். வீட்டு ஒயரிங் செய்கிற பழக்கத்தில் மெல்லிய ஒயர் போட்டுவிடுவார்கள், அது உருகும். தடித்த கேபிள், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், இரண்டும் கட்டாயம். 400 வாட் சோலார் பலகை நம் வெயிலில் நல்ல நாளில் ஒன்றரை யூனிட் அளவுக்குத் தரும். நிழலில் நிறுத்தினால் வண்டி குளிர்ச்சி, பலகை பட்டினி. இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

தோட்டத்தில் நிறுத்தும்போது கிணற்று மோட்டார் ரூமில் பிளக் போடலாமே என்று தோன்றும். இலவச விவசாய மின் இணைப்பு பம்புசெட்டுக்கு மட்டும்தான். உங்களால் தோட்டக்காரருக்கு வம்பு. வீட்டு இணைப்பிலிருந்து எடுங்கள். எடுக்கும் முன் எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். வண்டிக்குள் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லாமல் வெளிக் கரண்ட் எடுக்கவே கூடாது. தகர பாடி முழுக்க ஷாக் அடிக்கும்.

கேஸ்

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு பரவி நிற்கும். எனவே சிலிண்டர் வைக்கும் பெட்டி வீட்டுக்குள்ளிருந்து முழுக்க அடைபட்டும், அடியில் வெளிப்பக்கம் துளையுள்ளதாகவும் இருக்க வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்த நிலையில், பெல்ட் போட்டு இறுக்கி இருக்கட்டும். வீட்டு 14.2 கிலோ சிலிண்டர் வண்டிக்கு வேண்டாம். 5 கிலோ சிலிண்டரே போதும். ரப்பர் டியூப் ஐந்து வருடத்துக்கு மேல் தாங்காது. குலுங்குகிற வண்டியில் அதற்கு முன்பே மாற்றுங்கள். மூட்டுகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். தீக்குச்சி வேண்டவே வேண்டாம். வண்டி ஓடும்போது சிலிண்டர் வால்வு மூடியிருக்க வேண்டும். சமைக்கும்போது ஒரு ஜன்னலும் கூரைத் திறப்பும் திறந்திருக்கட்டும். ஊட்டிக் குளிருக்கு அடுப்பைப் பற்றவைத்துக் கதவை மூடிக்கொண்டு தூங்கியவர்கள் விடிந்தும் எழுந்திருக்காத செய்தி வருடா வருடம் வருகிறது.

தீயணைப்பான் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தால் தீ பிடிக்கும்போது கைக்கு எட்டாது. கதவோரம் மாட்டுங்கள்.

தண்ணீர், கழிப்பறை

கோவையில் சிறுவாணித் தண்ணீர் பிடித்துக்கொண்டால் கவலையில்லை. பல்லடம், காங்கேயம் பக்கம் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. அதை டேங்கில் ஏற்றினால் பம்பிலும் குழாயிலும் வெள்ளையாகப் படியும். உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர் என்று வீட்டில் இரண்டு குழாய் இருக்கும். எது எது என்று வீட்டம்மாவிடம் கேட்டுப் பிடியுங்கள். படிந்த உப்புக்குச் சிட்ரிக் அமிலக் கரைசலை ஊற்றி இரவு முழுக்க விட்டால் இளகும். டேங்குக்கு முன்னால் ஒரு சின்ன ஃபில்டர் போட்டால் மணல் பம்பைத் தின்னாது.

மாதக்கணக்கில் நின்ற வண்டியில் டேங்கை இப்படிச் சுத்தம் செய்யலாம்: டேங்கை நிரப்புங்கள், 100 லிட்டருக்கு 100 மில்லி என்ற கணக்கில் வாசனை சேர்க்காத 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை ஊற்றுங்கள், ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாடை வரும் வரை திறந்து மூடுங்கள், நான்கு மணி நேரம் விடுங்கள், வடித்துவிட்டு வாடை போகும் வரை நல்ல தண்ணீரால் அலசுங்கள்.

கழிவறைக் கேசட்டில் (கழற்றி எடுத்துக் காலி செய்யும் கழிவுப் பெட்டி) ஆசிட், ஃபினாயில் ஊற்றக் கூடாது, ரப்பர் சீல் போய்விடும். சீலுக்கு வேஸ்லின் வேண்டாம், சிலிகான் ஸ்பிரே போதும். காலி செய்வது வீட்டுக் கழிப்பறையில், அல்லது பங்க் கழிப்பறையில் கேட்டுக்கொண்டு. நொய்யலுக்கும் பவானிக்கும் ஏற்கெனவே பட்டது போதும்.

கூரை

ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசியில் ஒரு நாள் ஒதுக்குங்கள். கூரையில் துளை போட்ட இடம் எல்லாம் ஒழுகும் இடம்தான்: ஏசி, வென்ட், சோலார் கம்பி, கேரியர் கால். பழைய சிலிகான்மேல் புது சிலிகான் ஒட்டாது. பழையதை முழுக்கச் சுரண்டி, துடைத்து, பி.யு. (பாலியூரித்தேன்) சீலன்ட் போடுங்கள். உள்ளே சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் சத்தம் மாறி மெத்தென்று இருந்தால் பிளைவுட் ஊறிவிட்டது. ஒழுகல் தெரியும் இடத்துக்கும் தண்ணீர் நுழைந்த இடத்துக்கும் நாலடி தூரம் இருக்கலாம், மேலிருந்து தேடுங்கள்.

சும்மா நிற்கும் நாட்கள்

தோட்டத்துச் சாளை (தோட்டத்து வீடு) பக்கம் நிறுத்துகிறீர்கள் என்றால் முதல் எதிரி எலி. ஒயரைக் கடிக்க அதற்குப் பசிகூட வேண்டாம். உணவுப் பொருள் ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. அடியில் குழாய், ஒயர் நுழையும் ஓட்டைகளைக் கம்பி வலை வைத்து அடையுங்கள். கூரை வென்ட்டிலும் எக்ஸாஸ்ட்டிலும் குளவி கூடு கட்டும்.

தென்னை மரத்துக்கு அடியில் நிறுத்தவே கூடாது. நிழல் நன்றாகத்தான் இருக்கும். காய் விழுந்தால் கூரை, மட்டை விழுந்தால் சோலார் பலகை.

டீசல் டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே ஈரம் கட்டாது. பேட்டரி ஐசோலேட்டரை (பேட்டரியைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) அணையுங்கள். ஹேண்ட் பிரேக்கை விடுவித்துச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், லைனர் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளாது. வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுவது பலருக்கும் திருப்தி. வண்டிக்கு அதனால் பயனில்லை. 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ். 6 டீசல் வண்டியில் புகை ஃபில்டர் சுத்தமாக வேண்டுமென்றால் நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் அரை மணி நேரம் ஓட வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பெருந்துறை வரை போய்வாருங்கள்.

இரவு எங்கே நிறுத்துவது

பெரிய பெட்ரோல் பங்க், தெரிந்தவர் தோட்டம், கோயில் மைதானம் எதுவானாலும் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். "ஏனுங், ராத்திரி மட்டும் இங்க வண்டிய உட்டுக்கலாங்களா?" என்று கேட்டால் நம் ஊரில் மறுப்பவர்கள் குறைவு. காலையில் காப்பியே வரும். வாய்க்கால் மேட்டில் நிறுத்தாதீர்கள். கீழ்பவானி, பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு) வாய்க்கால்களின் கரைப்பாதைகள் கனமான வண்டியைத் தாங்க வெட்டியவை அல்ல. செம்மண் மழைக்குப் பிறகும் சீக்கிரம் இறுகிவிடும். கரிசல் அப்படி இல்லை. மாலையில் சிமெண்ட் தரை போல் இருந்த இடம் இரவு மழையில் பின் சக்கரத்தை ஆக்சில் வரை விழுங்கும். வானம் கருத்திருந்தால் தார் ரோட்டை ஒட்டியே நில்லுங்கள்.

காகிதங்கள்

பாடி மாற்றியதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் ஏற்றியிருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. அதே மாற்றத்தை இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். வேன் என்று பாலிசியும் உள்ளே சமையலறையும் இருந்தால் விபத்தன்று பேச்சு வேறு மாதிரி போகும். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் இலகுரக உரிமம் போதும்.

நீலகிரிக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும், வால்பாறைக்கு 2025 நவம்பர் முதல். இரண்டையும் இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். மலையடிவாரத்துச் சோதனைச் சாவடியில் சிக்னல் தேடிக்கொண்டு, பின்னால் பஸ் ஹாரன் அடிக்க நிற்பதைவிட, வீட்டிலேயே எடுத்துக் கைபேசியில் படமாக வைத்துக்கொள்ளுங்கள்.